ஆர்ப் 220-க்குள் எரிவது எது? பூதமா, குழந்தைகளா?

சர்ப்ப விண்மீன் குழுவின் திசையில், சுமார் 25 கோடி ஒளியாண்டு தள்ளி, ஆர்ப் 220 என்று ஒரு கேலக்ஸி இருக்கிறது. சாதாரணத் தொலைநோக்கிப் படத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தெரியாது. மங்கலான ஒரு திட்டு, அதன் குறுக்கே ஒரு தூசுப் பட்டை, அவ்வளவுதான். ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட விசித்திர கேலக்ஸிகளின் பட்டியலில் 338 உருப்படிகள், அதில் 220-வது இது, பெயருக்குக் காரணம் அதுதான். ஆனால் இதே திட்டை அகச்சிவப்பில் பார்த்தால் ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேலான வெளிச்சம் கொட்டுகிறது. நம் பால்வீதியின் மொத்த வெளிச்சம் அதில் சில சதவீதம்கூடத் தேறுமா என்பது சந்தேகம்தான்.

இவ்வளவும் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது பெருமளவு பதில் கிடைத்துவிட்டது என்றாலும், கேள்வி ஏன் இவ்வளவு காலம் இழுத்தது என்பதுதான் எனக்கு பதிலைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

கதை உண்மையில் 1983 ஜனவரியில் தொடங்குகிறது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஐராஸ் என்ற செயற்கைக்கோளை அனுப்பின. கண்ணாடியின் அகலம் வெறும் 57 சென்டிமீட்டர். அந்தக் கண்ணாடியைச் சுற்றித் திரவ ஹீலியத்தை நிரப்பிக் குளிரவைத்து, 12, 25, 60, 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என நான்கு அலைநீளங்களில் வானத்தை வருடவிட்டார்கள். நீண்ட அகச்சிவப்பை நம் காற்று மண்டலம் மறித்துவிடுகிறது, போதாக்குறைக்குக் காற்றும் தொலைநோக்கியும் தாங்களே அந்த அலைநீளத்தில் ஒளிர்கின்றன. தரையிலிருந்து பார்ப்பது நடுப்பகலில் மின்மினியைத் தேடுவது மாதிரி. ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் ஐராஸ் ஓடியது, வானத்தில் 96 சதவீதத்தை முடித்துவிட்டது. அந்தத் தரவில்தான் காட்சி ஒளியில் சாதாரணமாகத் தெரிந்த சில கேலக்ஸிகள் அகச்சிவப்பில் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு, அதற்கும் மேல் பிரகாசமாக இருந்தன.

லட்சம் கோடி சூரியன் அளவுக்கு மேல் அகச்சிவப்பு வெளிச்சம் உள்ளவற்றை ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'யூலர்க்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் மிகப் பக்கத்தில் உள்ளது ஆர்ப் 220, அதனால் எல்லோரும் முதலில் மொய்த்ததும் இதைத்தான். யூலர்க்குகளை நல்ல படம் எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஒவ்வொன்றிலும் ஒரே கோலம்தான். நீண்ட வால்கள், கிழிந்த ஓரங்கள், ஒன்றுக்கு இரண்டாக மையங்கள். இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. ஆர்ப் 220-ல் மோதல் தொடங்கி 70 கோடி வருடம் ஆகிறது, இரண்டு மையங்களுக்கும் இடையே இப்போது மிச்சமிருப்பது சுமார் 1,200 ஒளியாண்டு. பால்வீதியின் அகலம் ஒரு லட்சம் ஒளியாண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஏறக்குறைய முடிந்துபோன கல்யாணம்.

மோதல் என்றதும் நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெட்டவெளி அவ்வளவு பெரிது, ஒரு கேலக்ஸியின் நட்சத்திரங்கள் இன்னொன்றின் ஊடே சும்மா புகுந்து போய்விடும். மாட்டிக்கொள்வது வாயு. வாயு மேகங்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு ஆற்றலை இழக்கும், அப்புறம் ஈர்ப்பின் இழுபறியில் வட்டுகள் உருக்குலைந்து, சுற்றிக்கொண்டிருந்த வாயுவின் கோண உந்தத்தைப் பறித்துவிடும். சுற்றும் வேகம் போனால் எங்கே போகும்? நேராக நடுவில் விழும். அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் 1972-லேயே கணினியில் கணக்குப் போட்டு, கேலக்ஸிகளின் நீண்ட வால்கள் மோதலால் வருபவை என்று காட்டி, இப்படி நடுவில் குவியும் வாயு அங்கே ஒரு பெரிய கூத்தைக் கிளப்பும் என்றும் ஊகித்திருந்தார்கள். 1990-களில் ஜோஷ்வா பார்ன்ஸும் லார்ஸ் ஹெர்ன்க்விஸ்ட்டும் வாயுவையும் சேர்த்துப் போட்ட கணக்குகளில், வாயுவின் பெரும்பகுதி மையத்தைச் சுற்றிச் சில நூறு ஒளியாண்டுகளுக்குள் வந்து அடைந்துவிடுவது தெரிந்தது. ஆர்ப் 220-ல் சுமார் 5,000 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு பகுதிக்குள் நம் பால்வீதி முழுவதிலும் உள்ள அளவுக்கு வாயு திணிந்திருக்கிறது.

சரி, எரிபொருள் நடுவுக்கு வந்துவிட்டது. அதை எரிப்பது யார்?

இரண்டு பேர்மேல்தான் சந்தேகம். ஒன்று, நட்சத்திரப் பிறப்பு: குவிந்த வாயு ஒரே மூச்சில் ஆயிரமாயிரமாக நட்சத்திரங்களாகிறது, அதில் கனமானவை சூரியனைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக எரிந்து சில பத்து லட்சம் வருடங்களில் செத்துப்போகின்றன. இன்னொன்று, மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளை: விழும் வாயு அதைச் சுற்றி வட்டமாகச் சுழன்று, உரசிச் சூடாகி, விழுங்கப்படும் முன் வெளிச்சமாக அலறுகிறது. இது வெளியே தெரிந்தால் அதற்குப் பெயர் குவாசர்.

கணக்கைப் பார்த்தால் இரண்டுமே நடக்கக்கூடியதுதான். ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது பொருளில் 0.7 சதவீதம் ஆற்றலாக வெளிவரும், அதுவும் நட்சத்திரம் வாழும் காலம் முழுக்கத் தவணை முறையில். கருந்துளையில் விழும் பொருளோ சுமாராக 10 சதவீதத்தை ஆற்றலாகத் தந்துவிடும். லட்சம் கோடி சூரியன் வெளிச்சத்துக்கு, நட்சத்திர வழியில் வருடத்துக்கு நூறு முதல் நூற்றைம்பது சூரியன் எடையுள்ள வாயு புது நட்சத்திரங்களாக வேண்டும் (பால்வீதியில் இது வருடத்துக்கு ஒன்றிரண்டு சூரியன்தான்). கருந்துளை வழியில் வருடத்துக்கு முக்கால் சூரியனுக்கும் குறைவாக விழுந்தாலே போதும். சிக்கனம் என்று பார்த்தால் கருந்துளைக்குத்தான் ஓட்டு. ஆனால் இயற்கை சிக்கனம் பார்த்துச் செலவழிக்கும் குடும்பஸ்தன் இல்லை, வாயு அங்கே ஆயிரம் கோடி சூரியன் அளவுக்குக் கொட்டிக் கிடக்கிறது.

அப்படியென்றால் உள்ளே எட்டிப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் தூசு. மைக்ரானுக்கும் சிறிய சிலிக்கேட், கரித் துகள்கள். வாயுவின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான், ஆனால் புற ஊதாவையும் காட்சி ஒளியையும் விழுங்குவதில் கில்லாடி. விழுங்கிய ஆற்றலால் லேசாகச் சூடாகி, மைனஸ் 230 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்று, 60 முதல் 100 மைக்ரான் அலைநீளத்தில் அத்தனையையும் திருப்பி உமிழ்ந்துவிடும். இந்த அலைநீளத்தில்தான் யூலர்க்குகள் உச்சத்தைத் தொடுகின்றன. பக்கத்து வீட்டு அடுப்படிச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும், உள்ளே எரிவது விறகா கேஸா என்று சுவர் சொல்லாது. ஐராஸ் அளந்தது சுவரின் சூட்டை. தூசுக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் புற ஊதா எங்கே பிறந்தது என்று கவலை இல்லை, எல்லாவற்றையும் ஒரே மாதிரியான வெப்பமாக அரைத்துக் கொடுத்துவிடும். மொத்த ஆற்றல் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரியும், யாருடையது என்பது மட்டும் தெரியாது.

இந்த இருட்டில் கட்சிகள் உருவாகாமல் இருக்குமா? 1985-ல் ராபர்ட் ஜோசப்பும் ஜில்லியன் ரைட்டும் மோதும் கேலக்ஸிகளின் அகச்சிவப்பைப் பேரளவு நட்சத்திரப் பிறப்பு என்று வாசித்தார்கள். 1988-ல் டேவிட் சாண்டர்ஸும் கூட்டாளிகளும் வேறொரு கதையைச் சொன்னார்கள். ஐராஸ் பட்டியலின் பிரகாசமான பத்து யூலர்க்குகளை எடுத்து ஆராய்ந்து, இவை பிறக்கப்போகும் குவாசர்கள் என்றார்கள்: முதலில் மோதல், பிறகு தூசு மூடிய கட்டம், உள்ளே கருந்துளை கொழுக்கிறது, கடைசியில் அதன் வெளிச்சமும் காற்றும் தூசை ஊதித்தள்ளிவிட உள்ளிருந்த குவாசர் வெளிப்படுகிறது. அழகான கதை, மறுக்க முடியாதபடி கவர்ச்சியானது. கதை அழகாக இருக்கிறது என்பதாலேயே பாதிப் பேர் நம்பினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 1998-ல் ஜெர்மனியின் பவேரியாவில் ரிங்பெர்க் கோட்டையில் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டார்கள், தலைப்பே 'பூதங்களா, குழந்தைகளா' என்ற பொருளில்தான். பூதம் என்றால் கருந்துளை, குழந்தைகள் என்றால் புது நட்சத்திரங்கள். அங்கே நட்சத்திரக் கட்சிக்கு ஜோசப்பும் கருந்துளைக் கட்சிக்கு சாண்டர்ஸும் பட்டிமன்றம் மாதிரி எதிரெதிராக வாதிட்டார்கள்.

ஆனால் அதே வருடம் தராசு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரைன்ஹார்ட் கென்சல் குழு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஐஎஸ்ஓ தொலைநோக்கியால் 15 யூலர்க்குகளின் நடு அகச்சிவப்பு நிறமாலையை எடுத்து வெளியிட்டது. (பால்வீதியின் மையத்துக் கருந்துளைக்காக 2020-ல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர் இவர்தான்.) அவர்கள் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையில் இன்றுவரை ஓடுவது இந்த உத்திதான்.

சுவர் சூட்டை மட்டும்தான் கடத்தும், ஆனால் வாசனை கொஞ்சம் கசியும். நீண்ட அலைநீளங்களைத் தூசு குறைவாகவே மறிக்கிறது, அதனால் 10 முதல் 30 மைக்ரான் பக்கம் வாயுவின் தனித்தனி வரிகளை, அதாவது ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளிக்கோடுகளைப் பார்க்க முடிகிறது. நியான் வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானை உருவ 22 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும், கனமான இளம் நட்சத்திரம் அதைச் செய்துவிடும், 12.8 மைக்ரானில் வரி தெரியும். நான்கு எலக்ட்ரான்களை உருவ வேண்டுமென்றால் கடைசி ஒன்றுக்கு 97 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அவ்வளவு கடுமையான கதிர் சாதாரண நட்சத்திரங்களிடமிருந்து போதிய அளவில் வராது, கருந்துளையைச் சுற்றும் வட்டால் முடியும். அந்த நியான் 14.3 மைக்ரானில் ஒளிரும். ஆக 14.3 பலமாக இருந்தால் உள்ளே பூதம், 12.8 மட்டும் இருந்தால் குழந்தைகள். இதோடு இன்னொரு சாட்சி: பல வளைய ஹைட்ரோகார்பன்கள். புகைக்கரியில் இருக்கும் வகைப் பெரிய மூலக்கூறுகள் இவை, இளம் நட்சத்திரங்களின் வெளிச்சம் பட்டால் 7.7 மைக்ரான் போன்ற இடங்களில் அகலமாக ஒளிரும், கருந்துளைக்கு அருகே போனால் எக்ஸ் கதிரில் சிதைந்துபோகும்.

முடிவு: 70 முதல் 80 சதவீத யூலர்க்குகளில் நட்சத்திரங்களே முதன்மை, 20 முதல் 30 சதவீதத்தில் கருந்துளை. குழந்தைகள் கட்சி ஜெயித்ததாகத்தான் அப்போது பேச்சு. பூதக் கட்சி சும்மா விடவில்லை, அவர்களின் எதிர்வாதத்திலும் நியாயம் இருந்தது: சுவர் போதிய கனமாக இருந்தால் வாசனையும் கசியாது, அப்போது நீங்கள் முகர்வது சுவருக்கு வெளியே யாரோ வைத்திருக்கும் சின்ன அடுப்பின் வாசனையைத்தான்.

2003-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி போன பிறகு எண்ணிக்கை கூடியது, வரிகள் தெளிவாயின. சில்வைன் வெய்யூவும் குழுவும் 2009-ல் ஆறு வெவ்வேறு வழிகளில் கருந்துளையின் பங்கை அளந்து பார்த்தபோது சராசரி 35 முதல் 40 சதவீதம் என்று வந்தது. சராசரியைவிட முக்கியம் அதன் பரப்பு: சிலவற்றில் பத்து சதவீதத்துக்கும் கீழே, சிலவற்றில் 90-க்கும் மேலே. 60 மைக்ரானோடு ஒப்பிட்டால் 25 மைக்ரானில் வெளிச்சம் தூக்கலாக இருந்தால் தூசு கதகதப்பாக இருக்கிறது, கருந்துளை அருகே இருக்கிறது என்று அர்த்தம், அங்கே பங்கும் ஏறுகிறது. மொத்த வெளிச்சம் கூடக்கூட, மோதல் முற்ற முற்ற, கருந்துளையின் கை ஓங்குகிறது. அப்படிப் பார்த்தால் 'இதுவா அதுவா' என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது, கேட்டிருக்க வேண்டியது 'எதில், எப்போது, எவ்வளவு'.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். லட்சம் கோடி சூரியன் வெளிச்சத்தில் 30 சதவீதம் கருந்துளையுடையது என்றால் அது வருடத்துக்கு சுமார் 0.2 சூரியன் சாப்பிடுகிறது. மிச்சம் 70 சதவீதத்துக்கு வருடத்துக்கு நூறு சூரியன் அளவில் நட்சத்திரம் பிறக்கிறது. ஒன்றுக்கு ஐந்நூறு. நம்மைச் சுற்றியுள்ள பெரிய கேலக்ஸிகளில் நடுக் குமிழின் நட்சத்திர எடைக்கும் கருந்துளை எடைக்கும் உள்ள விகிதமும் சில நூற்றுக்கு ஒன்றுதான். தோராயமான கணக்கு, இதை நிரூபணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே வாயுவிலிருந்து, ஒரே கலவரத்தில் சேர்ந்து வளர்ந்தன என்று நினைக்க இது போதும்.

இரண்டு முனைகளுக்கும் உதாரணம் உண்டு. சுமார் 60 கோடி ஒளியாண்டில் இருக்கும் மார்க்கேரியன் 231 என்ற யூலர்க்கில் தூசு ஓரளவு விலகிவிட்டது, உள்ளே குவாசர் நேராகவே தெரிகிறது. அதிலிருந்து மூலக்கூறு வாயு நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகம்வரை வெளியே அடித்துக்கொண்டு போவதை 2010-ல் ஹெர்ஷல் தொலைநோக்கியும் பிரான்சில் உள்ள ஒரு ரேடியோ தொலைநோக்கி வரிசையும் பிடித்தன. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன் எடை வாயு காலியாகிறது, சாண்டர்ஸின் கதையில் வரும் கடைசிக் காட்சி கிட்டத்தட்ட இதுதான். யூலர்க் வரம்புக்கு மயிரிழையில் கீழே நிற்கும் என்ஜிசி 6240 என்ற கேலக்ஸியில் இரண்டு கருந்துளைகள், இரண்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி 2000-களின் தொடக்கத்தில் அதைக் காட்டியபோது, இணையும் இரண்டு கேலக்ஸிகளின் கருந்துளைகளும் ஒரே சமயத்தில் விழித்திருப்பதை நேரில் பார்த்த மாதிரி ஆயிற்று.

ஆர்ப் 220 மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. நட்சத்திரக் கட்சிக்கு அங்கே நேரடிச் சாட்சிகளே இருக்கின்றன. ரேடியோ அலைக்குத் தூசு ஒரு பொருட்டே இல்லை. கண்டங்களுக்குக் குறுக்கே பரந்த ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து 1998-ல் பார்த்தபோது மேற்கு மையத்துக்குள் ஒரு டஜனுக்கும் மேல் புள்ளிகள் தெரிந்தன. அவை சூப்பர்நோவாக்கள், வெடித்துச் சாகும் கனமான நட்சத்திரங்கள். இன்று அந்தப் பட்டியல் நூறை நெருங்கிவிட்டது. வருடத்துக்கு சுமார் நான்கு என்று வேகத்தை மதிப்பிட்டிருக்கிறார்கள், பால்வீதியிலோ ஒரு நூற்றாண்டுக்கு ஒன்றிரண்டுதான். இறப்பு விகிதத்தை வைத்துப் பிறப்பைக் கணக்கிட்டால் வருடத்துக்குச் சில நூறு சூரியன் வருகிறது, அகச்சிவப்பு வெளிச்சத்தில் பெரும்பகுதிக்கு அதுவே போதும். ஹபிள் படத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பெரிய நட்சத்திரக் கொத்துகள் வேறு. ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பிடித்த காமா கதிரும் சூப்பர்நோவாக்களின் சிதறல்களோடு பொருந்துகிறது. நூஸ்டார் தொலைநோக்கி தேடிய கடும் எக்ஸ் கதிர் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த அகச்சிவப்பு நிறமாலையிலும் கருந்துளையின் கைரேகை தெளிவாகச் சிக்கவில்லை.

அப்புறம் என்ன, தீர்ந்தது என்று எழுதிவிட்டுப் போகலாமே என்றால், மேற்கு மையம் விடாது. அங்கே வாயு எவ்வளவு அடர்த்தி என்றால் எக்ஸ் கதிரே உள்ளிருந்து வெளியே வரத் திணறும். டென்னிஸ் டவுன்ஸும் ஆண்ட்ரியாஸ் எக்கார்ட்டும் 2007-ல் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் பார்த்தபோது நடுவில் ஒரு சின்ன, சூடான தூசுக் கரு தெரிந்தது. சுற்றியுள்ள தூசைவிட நன்றாகச் சூடாக, மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் பக்கம். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு சூடு என்றால் உள்ளே கருந்துளைதான் என்றார்கள். மிகவும் அடர்ந்த நட்சத்திரக் கும்பலும் அதைச் செய்யலாம், அதுவுமின்றி வெப்பம் வெளியேற வழியில்லாத தூசுக் கூட்டுக்குள் சூடு தேங்கி, உள்ளே இருப்பதை விடப் பெரிதாகக் காட்டும் என்பது மறுபக்கத்தின் பதில். ஸ்வீடனின் சூசன் ஆல்டோ குழுவினர் இப்படிப்பட்ட மூடிய கருக்களைத் தேடுவதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறு உள்ளே தேங்கிய அகச்சிவப்பால் அதிரத் தொடங்கி, மில்லிமீட்டர் அலையில் ஒரு வரியை வெளியிடும். அருகில் உள்ள யூலர்க்குகளில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டில் அந்த வரி கிடைத்திருக்கிறது. ஐஎஸ்ஓவும் ஸ்பிட்சரும் பார்த்த நடு அகச்சிவப்பு இந்தக் கருக்களுக்குள் நுழையவே நுழையாது, ஆகவே அந்த 35, 40 சதவீதம் இவற்றைச் சேர்த்த கணக்கு என்று சொல்ல முடியாது.

தொலைதூரப் பிரபஞ்சத்தில் விஷயம் இன்னும் வேறு மாதிரி. ஆயிரம் கோடி வருடத்துக்கு முன்பு யூலர்க் அளவு வெளிச்சம் சாதாரணமாகவே இருந்தது, வாயு அப்போது ஏராளம் என்பதால் மோதாமலே அந்த வேகத்தில் நட்சத்திரம் பெற்றெடுத்த வட்டு கேலக்ஸிகள் நிறைய. எனவே 'அகச்சிவப்பில் பிரகாசம் என்றால் மோதல்' என்பது நம் அக்கம்பக்கத்துக்கான விதி மட்டுமே.

ஆர்ப் 220-ன் மேற்கு மையத்தைக் கேட்டால், 1.3 மில்லிமீட்டரிலேயே தூசு அங்கே ஒளி ஊடுருவாத சுவராகிவிட்டது. அதனால் இப்போது ஆல்மா தொலைநோக்கி வரிசையை 3 மில்லிமீட்டர் பக்கம் திருப்பி, அதே சுவரில் கொஞ்சம் மெல்லிய இடமாகப் பார்த்துக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.